நாலரை இஞ்ச் சுவரும் ஏழரை லட்சமும்

12,000 லிட்டர் தண்ணீரின் எடை பன்னிரண்டு டன். அதைச் சுமக்கும் லாரியின் எடை தனி. என் வீட்டுக் காம்பவுண்டு சுவரின் கனம் நாலரை இஞ்ச். இவற்றை வைத்துக்கொண்டு என்ன நடந்திருக்கும் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். ஆனாலும் தெருவில் கூடியவர்களுக்கு நான் அதை வரி விடாமல் விளக்கினேன். அதற்குப் பிறகு பால்காரர், பேப்பர்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையன் என்று விளக்கம் தொடர்ந்தது.

லாரி வந்தது எதிர்வீட்டுக்கு. கோடையில் சென்னைப் புறநகர்த் தெருக்களில் தண்ணி லாரிக்கு இருக்கிற மரியாதை மாப்பிள்ளைக்குக்கூடக் கிடையாது. எதிர்வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் நின்று, "வரலாம்... வரலாம்... லெஃப்ட்ல ஒடி... வரலாம்" என்று வழிகாட்டினார். லாரி என் சுவரைச் சாய்த்து, செம்பருத்திச் செடியின் மேல் ஏறி நின்ற பிறகும் அவர் வாயிலிருந்து ஒரு "வரலாம்" வந்தது. முன்பே கிளம்பிவிட்டது போலிருக்கிறது.

டிரைவர் இறங்கி வந்து பார்த்தார். "பழைய சுவர் சார்" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் கைபேசி இருக்கிறது. அது வக்கீலைவிட அதிகத் தைரியம் கொடுக்கும். அன்றிரவு கண் விழித்துப் படித்தேன். மோட்டார் வாகனச் சட்டம், 1988. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாத வண்டி பொது இடத்தில் ஓடக் கூடாது என்கிறது 146-ஆவது பிரிவு. அந்த மூன்றாம் நபர் நான்தான். மாமியார், மனைவி, மகள், நாய் என்று எண்ணிக்கொண்டு வரும் என் வீட்டில் எனக்கு இவ்வளவு உயர்ந்த இடம் கிடைத்ததில்லை.

படிக்கப் படிக்க மனம் நிறைந்தது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்றால் உயிர்ச்சேதத்துக்கும் கைகால் முறிவுக்கும் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். சொத்துச் சேதத்துக்கும் அங்கே மனுப் போடலாம். அடுத்தவர் சொத்தை இடித்த டிரைவர், போலீஸ்காரர் யாரும் பக்கத்தில் இல்லையென்றால், 24 மணி நேரத்துக்குள் தானே காவல் நிலையத்துக்குப் போய்த் தகவல் சொல்ல வேண்டும் என்று 134-ஆவது பிரிவு சொல்கிறது. நம் டிரைவர் அந்த நேரத்தில் இன்னும் சில நடைகள் தண்ணீர் அடித்துவிட்டிருப்பார்.

பிறகுதான் அந்தத் தொகை கண்ணில் பட்டது. லாரி, கார் போன்ற வண்டிகளின் பாலிசியில் மூன்றாம் நபர் சொத்துச் சேதத்துக்கு 7,50,000 ரூபாய் வரை வழக்கமாக இடமுண்டு. இருசக்கர வண்டி என்றால் 1,00,000. இடித்தது ஸ்கூட்டர் இல்லையே என்று கடவுளுக்கு நன்றி சொன்னேன். சுவர் விழுந்த வருத்தம் அந்த நிமிடமே குறைய ஆரம்பித்தது. கிரானைட் பதித்த மதில், ஸ்டீல் கேட், இரண்டு தூணிலும் உருண்டை விளக்கு. மிச்சப் பணத்தில் மாடியில் ஓர் அறை. மனைவியை எழுப்பிச் சொன்னேன்.

"ஏழரை லட்சம்னு போட்டிருக்கா, ஏழரை லட்சம் வரைக்கும்னு போட்டிருக்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் லாரியின் எண்ணைக் கைபேசிச் செயலியில் தட்டினேன். காப்பீடு உயிரோடு இருந்தது. உரிமையாளரின் பெயரில் பாதி எழுத்துக்கு நட்சத்திரக் குறி போட்டு மறைத்திருந்தார்கள். காவல் நிலையத்தில், "யாருக்காவது அடியா?" என்றார்கள். செம்பருத்தியைச் சொல்லலாமா என்று யோசித்து, இல்லை என்றேன். எழுதி வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

மதிப்பீடு வேண்டுமே. மேஸ்திரியை வரவழைத்து, "இழப்பீட்டுக்குக் கொடுக்கிற எஸ்டிமேட், கொஞ்சம் தாராளமாப் போடுங்க" என்றேன். அவர் செங்கல்லை உடைத்துப் பார்த்துவிட்டு, "நாலரை சுவர், நடுவுல தூணும் இல்ல. லாரி எதுக்கு சார், மாடு உரசியிருந்தாலே போயிருக்கும்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். அவருக்குக் காபி கொடுத்ததே தண்டம்.

விழுமுன் சுவர் எப்படி இருந்தது என்பதற்குப் புகைப்படம் தேடினோம். குடும்பப் படம் எல்லாவற்றிலும் சுவரை மறைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். முழுச் சுவரும் தெரிகிற படம் ஒன்றுதான் கிடைத்தது. தேர்தல் சமயத்தில் யாரோ சின்னம் வரைந்துவிட்டுப் போக, புகார் கொடுப்பதற்காக நானே எடுத்தது. அதில் சின்னத்தைவிட வெடிப்பு தெளிவாக விழுந்திருந்தது.

வக்கீல் நண்பர் பொறுமையாகக் கேட்டார். டிரைவர், ஓனர், காப்பீட்டு நிறுவனம் மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும். 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்த திருத்தப்படி ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். சென்னை என்றால் சிறு வழக்குகள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். "பழைய சுவருக்குப் புதுச் சுவரோட விலை கிடைக்காதுப்பா, தேய்மானம் கழிப்பாங்க. அதோட, பிரீமியத்துல மிச்சம் பிடிக்க சில ஓனருங்க சொத்துச் சேத வரம்பை 6,000 ரூபாயோட நிறுத்திக்குவாங்க. இவர் பாலிசி அப்படின்னா மீதியை அவர்கிட்டத்தான் வசூல் பண்ணணும். அது இருக்கட்டும், பார்த்த சாட்சி யாரு?"

மாடி அறை இடிந்தது. உருண்டை விளக்குகள் அணைந்தன. சாட்சி ஒரே ஒருவர்தான், வரலாம் சொன்னவர். அவரிடம் போய் நின்றேன்.

"கோர்ட்டுக்கு வர்றதுல ஒண்ணுமில்ல சார். ஆனா நான் வரலாம்னுதான் சொன்னேன், வரணும்னு சொல்லல. அதை நல்லா எழுதிக்குங்க" என்றார். உண்மையைச் சொன்னால், அவரைக் கூண்டில் ஏற்ற எனக்கும் மனசில்லை. எங்கள் மோட்டார் ரிப்பேரானால் குழாய் போட்டுத் தண்ணீர் கொடுப்பது அவர்தான்.

அந்த வாரக் கடைசியில் நட்சத்திரக் குறிகள் நீங்கிய லாரி ஓனர் நேரில் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் வாழைப்பழச் சீப்பு. நான் பிரிவு எண்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அவர் எல்லாவற்றுக்கும் "கரெக்ட் சார்" என்றார். இப்படி ஒத்துக்கொள்கிற மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. கடைசியில், "என் ஆளு நாளைக்கே வந்து கட்டிக் கொடுத்துடுவான், ஒன்பது இஞ்ச் சுவராவே கட்டச் சொல்றேன். இடிச்ச பாவத்துக்கு மூணு லோடு தண்ணி ஃப்ரீ" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மனைவி உள்ளேயிருந்து, "ரெண்டு தூணும் சேர்த்துக் கட்டச் சொல்லுங்க" என்றாள்.

ஒப்புதல் கடிதமும் அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார். மேற்படி சுவர் சம்பந்தமாக நான் இனி எக்காலத்திலும், எவரிடத்திலும், எதுவும் பேசமாட்டேன் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். மனைவி வாங்கி ஒரு முறைக்கு இருமுறை படித்துவிட்டு மகளைக் கூப்பிட்டாள்.

"கடைக்கு ஓடிப்போய் இதுல நாலு ஜெராக்ஸ் எடுத்துட்டு வா. பால்காரருக்கும் ஒண்ணு கொடுக்கணும்."