ரசிகர் என்னும் சம்பளமில்லாத உத்தியோகம்

கேள்வி: கதை படிப்பவர்தானே ரசிகர்? அவருக்கு எதற்கு வாழ்க்கை வரலாறு?

பதில்: படித்து முடித்ததும் புத்தகத்தை மூடி வைத்தவருக்குத் தேவையில்லை, படித்த சூட்டோடு பேனாவைக் கையில் எடுத்தவருக்கு அவசியம் தேவை. 1926-இல் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் நியூயார்க்கில் தொடங்கிய ‘அமேஸிங் ஸ்டோரீஸ்’, அறிவியல் புனைகதைக்கென்றே ஆங்கிலத்தில் வெளிவந்த முதல் இதழ். அதில் வாசகர் கடிதங்கள் எழுதியவரின் முகவரியோடு அச்சானதால், ஊருக்கு ஒருவராகத் தனித்துக் கிடந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்து, கடிதப் போக்குவரத்து வைத்து, சங்கம் கூட்டி, தாங்களே தட்டச்சு செய்து படியெடுத்த சிற்றிதழ்களை அஞ்சலில் அனுப்பத் தொடங்கினர். ‘ஃபேன்ஸீன்’ எனப்படும் ரசிகர் இதழ்கள் இவையே. நியூஜெர்சி மாநிலத்தின் நியூவார்க் நகரில் 1920-இல் பிறந்த சாம் மாஸ்கோவிட்ஸ் இந்தக் கடித உலகில் வளர்ந்து, அதன் முதல் உலக மாநாட்டுக்குத் தலைவரானவர்.

கேள்வி: உலக மாநாடு என்றால் பெரிய மனிதர்கள் அல்லவா நடத்துவார்கள்? அப்போது அவருக்கு என்ன வயது?

பதில்: பத்தொன்பது நிறைந்து இரண்டே நாளாகியிருந்தது. 1939 ஜூலை 2-ஆம் நாள் நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியிலிருந்த ஓர் அரங்கில் மாநாடு கூடியபோது ஏறக்குறைய இருநூறு பேர் வந்திருந்தனர்; அதே ஆண்டில் அந்நகரில் உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்ததால், ‘உலக’ என்ற அடைமொழி மாநாட்டுக்கும் வந்து சேர்ந்தது. சிறப்பு விருந்தினராக எழுத்தாளரை அழைக்காமல், இதழ்களின் அட்டைகளில் விண்கலங்களையும் வேற்றுக்கோள் உயிர்களையும் வரைந்த ஓவியர் ஃப்ராங்க் ஆர். பாலை அழைத்தது, எந்தப் படத்தைப் பார்த்து அந்த ரசிகர்கள் கடையில் காசு கொடுத்தார்களோ அந்தக் கைக்குச் செய்த மரியாதையாகும். வேர்ல்டுகான் என்று இன்று வழங்கும் இம்மாநாடு நுழைவுச்சீட்டு வாங்கும் பார்வையாளர்களை அல்ல, உறுப்பினர்களையே அடிப்படையாகக் கொண்டது. கட்டணம் செலுத்துபவர் உறுப்பினராகிறார், பின்னர் வரும் மாநாட்டுக்குரிய ஊரைத் தேர்வதிலும், 1953-இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய, அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருதுகளிலும் வாக்களிக்கும் வாய்ப்பைப் பெறுகிறார். அரங்கை வாடகைக்குப் பிடிப்பது முதல் நாற்காலி போடுவது வரை இன்றும் சம்பளமில்லாத தொண்டர்களின் கையில்தான் இருக்கிறது.

கேள்வி: சண்டை இல்லாமல் ஒரு சங்கமா?

பதில்: முதல் மாநாடே வாசற்படியில் தகராறு கண்டது. ஃப்யூச்சரியன்கள் என்ற இடதுசாரிச் சாய்வுள்ள நியூயார்க் குழு, அறிவியல் புனைகதை சமூக மாற்றத்துக்குக் குரல் கொடுக்க வேண்டும் என்றது. மாஸ்கோவிட்ஸ் தரப்போ கதைக் கூட்டத்தில் அரசியல் வேண்டாம் என்றது. மாநாட்டு நிர்வாகத்தைச் சாடும் மஞ்சள் நிறத் துண்டறிக்கை ஒன்று அமைப்பாளர்களின் கண்ணில் படவே, கூட்டத்தைக் குலைக்கமாட்டோம் என்ற உறுதிமொழி கேட்கப்பட்டு, அதைத் தர மறுத்த டொனால்ட் வோல்ஹைம், ஃப்ரெடரிக் போல், சிரில் கார்ன்ப்ளூத், ஜான் மிஷெல், ராபர்ட் லவுண்டஸ், ஜாக் கில்லெஸ்பி ஆகிய அறுவரும் உள்ளே விடப்படவில்லை. துண்டறிக்கையை அச்சிட்ட டேவிட் கைல் என்பவரோ தடையின்றி உள்ளே அமர்ந்திருந்தார். பின்னாளில், 1956-இல், நியூயார்க் வேர்ல்டுகானுக்கு அவரே தலைமை தாங்கினார். வெளியே நின்றவர்களில் வோல்ஹைம் பெரும் பதிப்பாளராகவும், போல் இத்துறையின் முன்னணி எழுத்தாளராகவும் இதழாசிரியராகவும் உயர்ந்ததைக் கருதாமலேகூட, அந்தத் தடை தவறு என்றுதான் தீர்ப்பளிக்க வேண்டும். கதவைத் திறந்து வைப்பதே அமைப்பாளரின் முதல் கடமை. ஆயினும், அக்காலத்து ரசிகர் பூசல்களைத் தம் தரப்பிலிருந்தேனும் நாள் வாரியாகத் திரட்டி, 1954-இல் ‘தி இம்மார்ட்டல் ஸ்டார்ம்’ என்ற நூலாக்கியவர் மாஸ்கோவிட்ஸ்தான். அந்த உழைப்பு இல்லையேல், இவ்வரலாற்றின் பெரும்பகுதி பழைய தாளோடு மக்கிப் போயிருக்கும்.

கேள்வி: மாநாட்டுக்கு வேடம் போட்டுக்கொண்டு வரும் வழக்கத்தை ஆரம்பித்தவர் யார்?

பதில்: பெயர் பெற்றவர் ஃபாரஸ்ட் ஜே. ஆக்கர்மன், ஊசி பிடித்தவர் மொரோஜோ. லாஸ் ஏஞ்சலிஸ் சங்கத்தைச் சேர்ந்த இருவரும் எதிர்கால மனிதரின் உடையென்று கற்பனை செய்த ஆடைகளோடு 1939 மாநாட்டுக்கு வந்தனர். மர்ட்டில் டக்ளஸ் என்ற இயற்பெயருடைய மொரோஜோவே இரண்டு உடைகளையும் தைத்தார். ஆக்கர்மனோடு சேர்ந்து ரசிகர் இதழும் நடத்தினார். இன்றைய ‘காஸ்ப்ளே’ அரங்குகளில் அவர் பெயர் முதலில் சொல்லப்பட வேண்டும். அதே மாநாட்டுக்கு வர வழிச்செலவுக்கு வகையில்லாத பதினெட்டு வயது நண்பர் ஒருவருக்கு ஆக்கர்மன் கடன் கொடுத்தார். அந்த இளைஞர், ஹான்னஸ் போக் என்ற ஓவிய நண்பரின் படங்களையும் சுமந்து வந்து இதழாசிரியர்களிடம் காட்ட, அவ்வாண்டு டிசம்பரிலேயே போக்கின் ஓவியம் ‘வியர்டு டேல்ஸ்’ இதழின் அட்டையில் வந்தது. சுமந்து வந்தவர் ரே பிராட்பரி.

கேள்வி: இப்படி ஊர்வேலை பார்த்தால் வயிற்றுப்பாடு?

பதில்: அதற்கு வேறு வேலை வேண்டும். மாஸ்கோவிட்ஸ் நெடுங்காலம், உறையவைத்த உணவுப்பொருள் வணிகத்துக்கான இதழொன்றின் ஆசிரியராக இருந்து சம்பாதித்துக்கொண்டே பழைய இதழ்களைச் சேகரித்தார், வரலாறு எழுதினார், 1953-இல் நியூயார்க் சிட்டி கல்லூரியில் அறிவியல் புனைகதைக்குப் பாடமும் நடத்தினார்.

கேள்வி: உலகம், உலகம் என்று சொல்லி அமெரிக்காவிலேயே சுற்றுகிறீர்களே?

பதில்: 1957-இல் மாநாடு லண்டனுக்குச் சென்றது. அதே ஆண்டில் ஜப்பானில், உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியரான தகுமி ஷிபானோ ‘உச்சூஜின்’ என்ற ரசிகர் இதழைத் தொடங்க, ஷின்இச்சி ஹோஷி போன்ற எழுத்தாளர்கள் அதன் வழியே வெளிச்சத்துக்கு வந்தனர். ஜப்பானின் முதல் அறிவியல் புனைகதை மாநாடு 1962-இல் டோக்கியோவில் கூடியதற்கும் அவரே முன்னின்றார். 1968-இல் அவர் அமெரிக்க மாநாட்டுக்குச் செல்லும் பயணச் செலவை ரசிகர்கள் நிதி திரட்டிக் கொடுத்தனர். 2007-இல் வேர்ல்டுகான் முதன்முறையாக ஆசியாவுக்கு, யோகோஹாமா நகருக்கு வந்தபோது, எண்பது வயதான ஷிபானோ அதன் சிறப்பு விருந்தினர்களுள் ஒருவராக இருந்தார்.