ஒட்டுக்கேட்க அனுமதி கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்: நான்காம் வகுப்பு ‘பி’ பிரிவு மாணவி ஒருத்தியின் தகப்பன்

பெறுநர்: உயர்திரு தாளாளர் அவர்கள், எங்கள் ஊர் மெட்ரிகுலேஷன் மேல்நிலைப் பள்ளி

பொருள்: மாணவ மாணவியர் ஸ்மார்ட் வாட்ச் அணிந்து வரத் தடை – நீக்கக் கோருதல் – தொடர்பாக

பார்வை: தங்கள் பள்ளிச் செயலியில் இரவு 10 மணிக்கு வந்த சுற்றறிக்கை

மதிப்பிற்குரிய ஐயா,

திங்கட்கிழமை முதல் பிள்ளைகள் ஸ்மார்ட் வாட்ச் கட்டி வரக் கூடாது, முள் வைத்த சாதாரணக் கடிகாரம் என்றால் பரவாயில்லை என்று தெரிவித்திருக்கிறீர்கள். பிள்ளைகளின் கவனம் சிதறுகிறதாம். தாங்கள் விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள் ஐயா. அந்த வாட்ச் என் மகளுக்காக வாங்கியதே அல்ல. அவளுக்கு மணி பார்க்க வேண்டிய தேவை என்ன இருக்கிறது? சுவரில் கடிகாரம் இருக்கிறது, பீரியடு முடிந்தால் பெல் அடிக்கிறது. வாட்ச் எனக்காக வாங்கியது. அவள் கையில் கட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.

அதன் அருமையைத் தாங்கள் அறிய வேண்டும். உள்ளே சிம் கார்டு இருக்கிறது. என் கைபேசியில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அங்கே மணி ஒலிக்காது, திரை எரியாது. சத்தமில்லாமல் அதுவே என்னை அழைத்து, ‘பி’ பிரிவை அப்படியே என் காதில் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஜூன் மாதத்திலிருந்து நானும் தங்கள் பள்ளியில் ஒழுங்காகப் படித்து வருகிறேன். கணக்கு மிஸ் பின்னம் நடத்தும் அழகே தனி. காலை வழிபாட்டையும் விடுவதில்லை. தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக்கி, பாடும்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசாணை வந்ததல்லவா? காதில் விழுந்த தோஷத்துக்கு அலுவலகத்தில் நானும் 55 விநாடி எழுந்து நிற்கிறேன். மேலாளர் விநோதமாகப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

சென்ற வாரம் அதே வழிபாட்டின் நடுவே என் மகளின் மணிக்கட்டிலிருந்து “சாம்பார் சாதத்தைக் கொட்டாம சாப்பிடணும், என்ன?” என்று ஒரு ஆண் குரல் கேட்டதாகவும், தலைமையாசிரியை அம்மா திடுக்கிட்டதாகவும் அறிந்தேன். கேட்கும் பொத்தானையும் பேசும் பொத்தானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவன் எவனோ, அவனைக் கேட்க வேண்டியது அது. அந்த ஒரு சாம்பார் சாதத்துக்காகப் பள்ளி முழுவதற்கும் தடையா?

அடுத்து, இருப்பிடம். மகள் எங்கே இருக்கிறாள் என்பதை வரைபடத்தில் நீலப் புள்ளியாகப் பார்த்துக்கொண்டே நான் வேலை செய்கிறேன். கான்கிரீட் கட்டடத்துக்குள் செயற்கைக்கோள் சிக்னல் சரியாகக் கிடைக்காவிட்டால், பக்கத்துக் கைபேசிக் கோபுரத்தை வைத்து அது உத்தேசமாக ஓர் இடம் சொல்லும். அப்படித்தான் ஒரு நாள் மதியம் புள்ளி ஏரிக்கு நடுவில் போய் நின்றது. நான் பதறித் தங்கள் அலுவலகத்துக்குப் பலமுறை அழைத்தது உண்மை. ஆயாம்மா வகுப்புக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “பாப்பா யானை வரைஞ்சுக்கிட்டு இருக்குது சார்” என்றார். நல்ல மனுஷிதான். ஆனாலும் ஆயாம்மாவை நம்புவதா, செயற்கைக்கோளை நம்புவதா என்பதைத் தாங்களே சொல்லுங்கள்.

வெளிநாட்டு உதாரணங்களைக் காட்டித் தாங்கள் என்னை மடக்கப் பார்க்கக்கூடும். ஆகவே நானே முந்திக்கொள்கிறேன். ஜெர்மனியின் தொலைத்தொடர்பு ஒழுங்காற்று நிறுவனம் 2017 நவம்பரில் இப்படி ஒட்டுக்கேட்கும் குழந்தைக் கடிகாரங்களின் விற்பனையைத் தடை செய்தது. பெற்றோர் வகுப்பில் ஆசிரியர் பேசுவதையே கேட்கிறார்களாம், அது குற்றமாம். வாங்கியவர்கள் கடிகாரத்தைத் தாங்களே அழித்துவிட வேண்டும், அழித்ததற்கு அத்தாட்சியும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் கைலா என்ற பேசும் பொம்மையையும் அழிக்கச் சொன்னவர்கள் அவர்கள். பொம்மையிடமே இரக்கம் காட்டாதவர்களுக்குத் தகப்பன் மனசு எங்கே தெரியப் போகிறது? நெதர்லாந்தில் 2024 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளி வகுப்பறையில் போனோடு சேர்த்து ஸ்மார்ட் வாட்சும் கூடாது. சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு 2026 ஜனவரி முதல் இடைவேளையில்கூடக் கூடாது. நார்வேயின் நுகர்வோர் மன்றம் 2017இல் சில கடிகாரங்களைச் சோதித்துவிட்டு, முன்பின் தெரியாதவர்களும் உள்ளே புகுந்து குழந்தை இருக்கும் இடத்தைப் பார்க்கலாம் என்று கண்டுபிடித்துச் சொன்னது. இதற்கெல்லாம் நான் அஞ்சவில்லை. தெரியாதவர்களிடம் பேசக் கூடாது என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

நம் நாட்டிலும் 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் நடமாட்டத்தையும் நடத்தையையும் நிறுவனங்கள் கண்காணிக்கக் கூடாது என்கிறது. அவர்கள் தரவைத் தொடவே பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. நிறுவனங்களுக்குத்தான் தடை, அப்பாக்களுக்கு இல்லை. ஒப்புதலைப் பொறுத்தவரை, வாட்ச் செயலி காட்டிய நீளமான பக்கத்தின் அடியில் ‘சம்மதம்’ என்பதை அன்றைக்கே அமுக்கிவிட்டேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

தாங்கள் என்னை எப்படித் தடுக்கலாம் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. வேனில் ஜிபிஎஸ் வைத்து அதற்குக் கட்டணம் வாங்குகிறீர்கள். வகுப்புக்கு வகுப்பு கேமரா வைத்து, அதற்கும் வாங்குகிறீர்கள். மகள் வாசலில் அட்டையைத் தேய்த்தால் எனக்குக் குறுஞ்செய்தி வருகிறது. தாங்கள் பார்க்கலாம், நான் கேட்கக் கூடாதா? ஒரே பிள்ளை மேல் இரண்டு பேருக்கு அக்கறை இருந்தால் ஒருவருக்குக் கண், ஒருவருக்குக் காது என்று பிரித்துக்கொள்வதுதானே நியாயம்? கட்டணம்தான் பிரச்சினை என்றால் ‘செவிக் கட்டணம்’ என்று ஒரு ரசீது போடுங்கள், இரண்டாம் பருவத்தோடு சேர்த்துக் கட்டிவிடுகிறேன்.

நீட் தேர்வுக் கூடத்தில் சாதாரணக் கைக்கடிகாரத்துக்குக்கூட அனுமதி இல்லை என்பதால் இப்போதே பழக்குகிறோம் என்று வகுப்பாசிரியை சொன்னாராம். என் மகளுக்கு ஒன்பது வயது ஐயா. தமிழக அரசின் டிட்கோவும் டாடாவும் 1984இல் கைகோத்து, ஓசூரில் ஆலை எழுப்பி, நாட்டுக்கே கடிகாரம் கட்டிவிட்ட மாநிலம் இது. நான் பத்தாம் வகுப்பு தேறியதும் என் அப்பா எச்எம்டி வாங்கித் தந்தார். அதற்கு முன்பு எனக்கு வாய்த்ததெல்லாம் ஜவ்வு மிட்டாய்க்காரர் கையில் சுற்றிவிட்ட ரோஸ் நிற வாட்ச்தான். பள்ளிக்கூட வாசலுக்குள் அதை விட மாட்டார்கள். நாங்களும் நக்கித் தீர்த்துவிட்டுத்தான் உள்ளே போவோம். இன்றைய வாட்சுக்கு அந்த வசதி இல்லை.

கடைசியாக ஒரு புகார். சென்ற மாதம் கணக்கு வகுப்பு நேரத்தில் என் மகளின் நாடித்துடிப்பு ஏகத்துக்கு எகிறியதாக வாட்ச் எச்சரித்தது. மாலையில் விசாரித்ததில், அவள் வாட்சை ஒரு வாசனை ரப்பருக்குப் பக்கத்து பெஞ்சு தோழியிடம் பல நாட்களுக்கு முன்பே மாற்றிக்கொண்டுவிட்டாள் என்று தெரிந்தது. நாடி எகிறியதற்குக் காரணம், அந்தத் தோழி மரமேறியது. அத்தனை நாளும் நான் காது கொடுத்துக் கேட்டதும் பதறியதும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்காக. பண்டமாற்றைத் தடுக்கத் தவறிய வகையில் பள்ளிதான் இதற்குப் பொறுப்பு. அந்த வீட்டாரிடமிருந்து பாதி விலையை வசூலித்துத் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பதிலை அலுவலக முகவரிக்கே அனுப்பவும். வீட்டுக்கு வேண்டாம். எனக்கு வரும் தபாலை எனக்கு முன்னால் மகள் பிரித்துப் படித்துவிடுகிறாள். அடுத்தவர் விஷயத்தில் தலையிடுவது நாகரிகம் இல்லை என்று எவ்வளவோ சொல்லியாயிற்று. இந்தப் பழக்கத்தை எங்கே கற்றுக்கொண்டாள் என்று தாங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
‘பி’ பிரிவின் கடைசி பெஞ்சு