கார் ஸ்டாக்; மற்றதெல்லாம் மாடிஃபை

காரை மாடிஃபை செய்கிறவர்களிடம் ஒரு படிவரிசை உண்டு. ஸ்டேஜ் 1 என்றால் இன்ஜினின் மூளையான ஈசியூவில் மென்பொருளை மட்டும் மாற்றுவது. ஸ்டேஜ் 2 என்றால் காற்று உள்ளே வரும் வழியையும் புகை வெளியே போகும் குழாயையும் சேர்த்து மாற்றுவது. ஸ்டேஜ் 3 என்றால் டர்போவையே கழற்றி எறிந்துவிட்டுப் பெரிதாக ஒன்றைப் பூட்டுவது. கம்பெனியிலிருந்து வந்தபடியே கைபடாமல் இருக்கும் காருக்கு 'ஸ்டாக்' என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லும்போதே அவர்கள் உதட்டில் ஓர் இளக்காரம் இருக்கும்.

2024 மே 19, அதிகாலை இரண்டரை மணி வாக்கில் புனே கல்யாணி நகரில் பைக்கில் போன இருவரை அடித்துக் கொன்ற போர்ஷே டைகான், ஸ்டாக் கார். ஒரு போல்ட்டைக்கூட யாரும் மாற்றவில்லை. நம்பர் பிளேட்கூடப் பூட்டவில்லை, அவ்வளவு புதுசு. அந்த ஊரில் மாடிஃபை ஆனது மற்றதெல்லாம்.

ஸ்டேஜ் 1: வயது. மகாராஷ்டிராவில் பீர் குடிக்க 21 வயது ஆக வேண்டும். விஸ்கி குடிக்க 25. கார் ஓட்ட, நாடு முழுக்க 18. ஓட்டியவருக்கு வயது பதினேழே முக்கால்கூட நிரம்பவில்லை. மூன்று வாசலில் ஒன்றுகூடத் திறக்கக்கூடாது, மூன்றுமே திறந்தன. ஒரே ஒரு மதுக்கூடத்தில் அந்தக் கூட்டம் கட்டிய பில் 48,000 ரூபாய் என்று நகரத்தின் போலீஸ் கமிஷனரே சொன்னார். ஓட்டியவரின் குடும்பத்துக் காரோ, மார்ச் மாதத்திலிருந்து நிரந்தரப் பதிவு இல்லாமல் கிடந்தது. மின்சாரக் காருக்கு அப்போது அங்கே சாலை வரி கிடையாது; கட்ட வேண்டியிருந்தது வெறும் 1,758 ரூபாய். ஒன்றரைக் கோடிக்கு மேல் விலை உள்ள காருக்கு 1,758 ரூபாய் புரளவில்லையாம். ஏழ்மை எத்தனை வடிவத்தில் வருகிறது பாருங்கள்.

ஸ்டேஜ் 2: தண்டனை. இருவர் செத்த பதினைந்து மணி நேரத்துக்குள் சிறார் நீதி வாரியம் ஜாமீன் கொடுத்தது. போக்குவரத்து போலீசோடு பதினைந்து நாள் நில், சாலை விபத்தைப் பற்றி 300 சொல்லில் கட்டுரை எழுது என்று நிபந்தனை. செத்தவர்கள் மத்தியப் பிரதேசத்திலிருந்து வேலைக்கு வந்த மென்பொறியாளர்கள். இருவருக்கும் வயது 24. ஆளுக்கு 150 சொல் வீதம் கணக்குத் தீர்ந்தது. ஊர் கொதித்துப்போய் அதே கல்யாணி நகரில் இளைஞர் காங்கிரசார் கட்டுரைப் போட்டியே நடத்தினார்கள். தலைப்புகளில் ஒன்று, எனக்குப் பிடித்த கார். நாடு சிரித்தது. நாட்டைச் சிரிக்க வைத்துவிட்டால் பாதி வழக்கு முடிந்த மாதிரி என்பது நம்மை ஆள்கிறவர்களுக்குத் தெரியும். அந்த 300 சொல்லும் ஜூலையில் முறைப்படி எழுதித் தரப்பட்டது.

ஸ்டேஜ் 3: ஓட்டுநர். குடும்பத்துக்குச் சம்பள டிரைவர் ஒருவர் இருக்கிறார். வண்டி ஓட்ட வைத்திருக்கும் ஆளைப் பழி ஓட்டவும் வைத்துக்கொண்டால் என்ன? 'நான்தான் ஓட்டினேன் என்று சொல்' என அவரை மிரட்டி அடைத்து வைத்ததாகப் பையனின் தாத்தாவையும் அப்பாவையும் போலீஸ் கைது செய்தது. காரின் இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தலாம், உயர்த்தலாம், இறக்கலாம். இருக்கையில் உட்கார்ந்திருந்த ஆளையே மாற்ற முடியும் என்பது போர்ஷேயைச் செய்யும் ஜெர்மனியில் யாருக்கும் தோன்றாத பொறியியல்.

ஸ்டேஜ் 4: ரத்தம். இந்த ஸ்டேஜ் உலகத்தில் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கிடையாது. ஏழைபாழைகள் வரிசையில் நின்று வைத்தியம் பார்க்கும் சசூன் அரசு மருத்துவமனையில், விபத்து நடந்து பல மணி நேரம் கழித்து எடுத்த பையனின் ரத்தம் குப்பைத்தொட்டிக்குப் போயிற்று, அந்த இடத்தில் வேறொரு ரத்தம் வந்தது என்கிறது போலீஸ். சந்தேகப்பட்டு இன்னொரு மருத்துவமனையில் எடுத்த மாதிரியோடு டிஎன்ஏ பொருந்தாததால்தான் குட்டு உடைந்தது. தடயவியல் துறைத் தலைவர் உட்பட இரண்டு மருத்துவர்கள் கைதானார்கள். மாற்றி வைத்தது தாயின் ரத்தம் என்று தாயும் கைதானார். தொப்புள்கொடி உறவை நம் கவிஞர்கள் எவ்வளவோ பாடியிருக்கிறார்கள். அது ஆல்கஹால் சோதனையில் பிள்ளையைத் தேற வைக்கும் அளவுக்குப் பயன்படும் என்று ஒருவரும் பாடவில்லை.

இதெல்லாம் குற்றச்சாட்டுதான், வழக்கு நடக்கிறது, யாரும் குற்றவாளி என்று தீர்ப்பாகவில்லை என்று வழக்கறிஞர்கள் சொல்வார்கள். சரி. நீதிமன்றத்தின் வேலையை நான் செய்யவில்லை. பையனைத் தூக்கில் போடு என்று கூவும் கூட்டத்திலும் நான் இல்லை. ஜாமீன் கொடுத்த பின்னும் காப்பகத்தில் வைத்தது செல்லாது என்று 2024 ஜூனில் பம்பாய் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. வயது வந்தவராகக் கருதி விசாரிக்க முடியாது என்று 2025 ஜூலையில் சிறார் வாரியம் சொன்னது. சிறார் சட்டம் சிறாருக்காகத்தான் இருக்கிறது. பணக்காரப் பிள்ளைக்கும் அது உண்டு. என் கோபமெல்லாம் அந்தப் பையனைச் சுற்றி நின்ற வயது வந்தவர்கள் மேல். சாவி கொடுத்தவர், கிளாஸ் கொடுத்தவர், மேலிடத்துக்குத் தகவல் சொல்லாமல் விட்டதற்காக சஸ்பெண்ட் ஆன எரவாடா காவல் நிலைய அதிகாரிகள், அந்த அதிகாலையிலேயே தூக்கம் கலைந்து நிலையத்துக்கு ஓடிவந்த சட்டமன்ற உறுப்பினர். பைக்கில் போய்ச் செத்தவர்களுக்காக எந்தச் சட்டமன்ற உறுப்பினரும் தூக்கம் கலையவில்லை. அவர்களுக்கு அந்த ஊரில் ஓட்டு இல்லையே.

இது நடந்தது ஏதோ வாகனம் அறியாத ஊரிலா? இந்தியச் சாலையில் ஓடும் வண்டிகளின் பிரேக்கையும் விளக்கையும் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏஆர்ஏஐ நிறுவனம் 1966 முதல் புனேயில்தான் இருக்கிறது. பக்கத்தில் சாகன், நாட்டின் கார் தொழிற்சாலைகளில் பாதி அங்கேதான் குடியிருக்கிறதோ என்று தோன்றும். ஹாரன் எவ்வளவு சத்தம் போட வேண்டும் என்று அளந்து சொல்லும் ஊர், ஒரு தகப்பன் எவ்வளவு சத்தம் போட்டால் காவல் நிலையம் அடங்கும் என்பதை மட்டும் அளக்கவில்லை.

வேகம் வேண்டுமா? குற்றமில்லை. அதற்கு இடம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் ஓட்டிப் பழகிய தமிழ்நாட்டுக்காரர்கள், 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் டிராக்கையே கட்டினார்கள். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. டிராக் டே அன்று அங்கே போய்ப் பாருங்கள். ரேஸ் வீரர்கள் அல்ல, மாதச் சம்பளக்காரர்கள் தவணையில் வாங்கிய போலோவை ரீமேப் செய்து கொண்டுவந்து நிற்பார்கள். உள்ளே விடும் முன் ஒருவர் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் முடுக்கிப் பார்ப்பார். பேட்டரி ஆடுகிறதா, ஆயில் கசிகிறதா, இழுவைக் கொக்கி இருக்கிறதா, ஹெல்மெட் தரமானதா என்று பார்ப்பார். ஆம்புலன்ஸ் வந்து நிற்காமல் ஒரு காரும் கிளம்பாது. முன்னால் போகிறவர் கையால் வழி காட்டினால்தான் முந்தலாம்.

இன்ஜினுக்கு லட்சம் செலவழித்துவிட்டு பிரேக்குக்குச் செலவழிக்காதவர்கள் அங்கே நிறைய. மூன்றாவது லேப்பில் பிரேக் ஃப்ளூயிட் கொதித்து, பெடல் நனைந்த பஞ்சாக அமுங்கும். அப்போது முகத்தில் ஒரு வெளுப்பு வரும். அந்த வெளுப்புதான் டிராக் டேயின் முழுப் பாடத்திட்டம். மஞ்சள் கொடி என்றால் முந்தக்கூடாது. சிவப்பு என்றால் எல்லாரும் பிட்டுக்குத் திரும்ப வேண்டும். கருப்புக் கொடி உனக்கு மட்டும்: உன் ஆட்டம் முடிந்தது, உள்ளே வா. கொடி பிடிப்பவர் யார் மகன் என்று கேட்பதில்லை. கேட்கவும் முடியாது, ஹெல்மெட்டுக்குள் எல்லார் முகமும் ஒன்றுதான்.

2024 ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 நடத்த முயன்றபோது, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் சான்றிதழ் எங்கே என்று உயர் நீதிமன்றம் பிடித்து நிறுத்திக் கேட்டது. சரியான கேள்வி. தடுப்பும் வலையும் மருத்துவரும் உள்ள பந்தயத்துக்குச் சான்றிதழ் வேண்டும். ராத்திரி இரண்டரை மணிக்கு ஊருக்குள் நடக்கும் பந்தயத்துக்கு அப்பாவின் செல்பேசி எண் போதும்.

புனேயைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை. அந்த விபத்து நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் சென்னை பெசன்ட் நகரில் சாலையோரம் கிடந்த பெயின்டர் ஒருவர் மேல் பிஎம்டபிள்யூ ஏறியது. அரசியல் குடும்பத்துக் கார். ஜாமீன் காவல் நிலையத்திலேயே கிடைத்தது. நாம் கட்டுரைகூடக் கேட்கவில்லை. தமிழ் வளர்த்த லட்சணம்.

புல்லட்டில் சைலன்சர் மாற்றிய பையன்களைப் பிடித்து, அந்தச் சைலன்சர்களை ரோட்டில் வரிசையாக அடுக்கி, ரோடு ரோலர் ஏற்றி நசுக்கிப் படம் எடுத்துப் போடுவதில் நம் நகரக் காவல்துறைகளுக்குத் தனி ருசி. தப்பில்லை, நசுக்குங்கள். ஆனால் அந்த ரோலருக்கு ரிவர்ஸ் கியர் எந்தத் தெருமுனையில் விழுகிறது என்றும் மக்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த போர்ஷே விபத்துக்குப் பின் புனே மாநகராட்சி மதுக்கூடங்கள் மேல் இடிப்பு எந்திரத்தை ஏவியது. அனுமதியில்லாக் கட்டடம் என்று அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரிந்ததாம். இரண்டு பிணம் விழுந்தால்தான் மாநகராட்சிக்குப் பார்வை வரும் என்றால், அந்தக் கண் மருத்துவம் நமக்குக் கட்டுப்படியாகாது.

இனி புதுச் சட்டம் வேண்டும், கடும் சட்டம் வேண்டும் என்று மேடையில் முழங்குவார்கள். நம்பாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ என்ற பிரிவு 2019-லேயே சேர்ந்துவிட்டது. சிறுவன் ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றவருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. ஓட்டியவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. அனுமதியில்லாமல் காரின் அமைப்பை மாற்றினாலும் அதே சட்டத்தில் தண்டனை உண்டு. ஆக, நம்மிடம் இருக்கும் சட்டம் கம்பெனியிலிருந்து நல்லபடியாகத்தான் வந்திருக்கிறது. பிரேக் உண்டு, விளக்கு உண்டு, ஹாரன்கூட உண்டு.

அதில் ஒருவரும் கைவைக்காமல் இருந்தால் போதும். ஓட்டியவர் ஓட்டியவராகவே எழுதப்படட்டும். அவர் உடம்பில் ஓடும் ரத்தம் அவர் பெயரிலேயே சோதனைக்குப் போகட்டும். எஃப்ஐஆர் எழுதும் கை, செல்பேசியை எடுக்காமல் எழுதி முடிக்கட்டும். பணக்கார வீட்டு வழக்கு ஒன்றாவது இந்த நாட்டில் ஸ்டாக்காக ஓடி நீதிமன்றம் போய்ச் சேரட்டும். அதன் பிறகு கார்களை எத்தனை ஸ்டேஜ் வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளுங்கள், கொண்டுபோய் டிராக்கில் ஓட்டுங்கள்.