டயரும் எங்களுது, பெட்ரோலும் எங்களுது, ரேஸ் மட்டும் வெளியூர்ல

2026 முதல் ஃபார்முலா ஒன் காரின் சக்தியில் ஏறக்குறைய பாதி கரண்ட். இந்தச் செய்தி வந்ததும் கார் கம்பெனிகள் பந்திக்கு முந்துகிற மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டன. ஆடி ஒரு அணியையே வாங்கிக்கொண்டு வந்தது. ஃபோர்டு ரெட்புல்லின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. கேடிலாக் பதினோராவது அணியாகத் தனி இலை போடச் சொன்னது. பெட்ரோலுக்கு எதிர்காலம் இல்லை என்று 2021 கடைசியில் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிய ஹோண்டா, வாசல்படி தாண்டுவதற்குள் திரும்பி வந்துவிட்டது.

இதையெல்லாம் மனிதகுலம் முதன்முதலாகக் கரண்டைக் கண்டுபிடித்த மாதிரி எழுதுகிறார்கள். உண்மையில் வேகச் சாதனையில் கரண்ட்தான் பெரியண்ணன். பெட்ரோல் பிற்பாடு வந்து சொத்தை எழுதி வாங்கிக்கொண்ட பங்காளி.

1899 ஏப்ரல் 29. பாரிஸ் பக்கத்தில் அஷேர் என்ற ஊர். பெல்ஜியத்துக்காரர் கமீய் ஜெனாட்சி ஒரு மின்சாரக் காரில் மணிக்கு 105 கிலோமீட்டர் தாண்டினார். தரையில் ஓடும் கார் எதுவும் அதுவரை நூறைத் தொட்டதில்லை. வண்டியைப் படத்தில் பார்த்தால் கேஸ் சிலிண்டரைப் படுக்கப் போட்டு நான்கு சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். காற்று கிழியட்டும் என்று அவ்வளவு பாடுபட்டுக் கூராக்கிவிட்டு, டிரைவரை மட்டும் அதன்மேல் திருவிழா யானைப்பாகன் கணக்காக உட்கார வைத்தார்கள். முக்கால்வாசி ஆள் வெளியேதான்.

ஜெனாட்சிக்குச் சிவப்புத் தாடி. 'செம்பிசாசு' என்று பட்டப்பெயர். கரண்டில் பேர் வாங்கிய மனிதர் நாலே வருஷத்தில் கட்சி மாறினார். 1903இல் அயர்லாந்தில் நடந்த கார்டன் பென்னட் கோப்பையை ஜெயித்தது பெட்ரோல் மெர்சிடஸில். கம்பெனிகள் பிற்பாடு கற்றுக்கொண்ட பாடத்தை அவர் அன்றே நடத்திக் காட்டிவிட்டார். கடைசியில் அவரை வேகம் கொல்லவில்லை. 1913இல் நண்பர்களோடு வேட்டைக்குப் போன இடத்தில், புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பன்றி மாதிரி உறுமிக் காட்டினார். நடிப்பு பிரமாதம். நண்பர் சுட்டுவிட்டார்.

இங்கே மெட்ராஸில் கதை இன்னும் விசேஷம். 1895 மே 7 அன்று மின்சார டிராம் ஓடத் தொடங்கியது, இந்தியாவுக்கே முதல். லண்டன் தெருவில் அப்போது குதிரைதான் டிராம் இழுத்துக்கொண்டிருந்தது. ஆனால் கரண்ட் கம்பியை எங்கே வைத்தார்கள் என்று பாருங்கள்: தண்டவாளங்களுக்கு நடுவே பள்ளம் வெட்டி, அதற்குள். மெட்ராஸில் ஐப்பசி, கார்த்திகை என்று இரண்டு மாதம் உண்டு என்பதைத் துரைகளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மழை வந்து சொன்னது. அதற்குப் பிறகுதான் கம்பி தலைக்கு மேலே ஏறியது.

வண்ணாரப்பேட்டை, ராயபுரம் என்று ஊரைச் சுற்றிவந்த அந்த டிராம், நட்டத்தில் மூழ்கி 1953 ஏப்ரல் 12 அன்று கடைசி மணி அடித்தது. அதே 1953இல்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பிறந்தது. கரண்ட் வண்டிக்குக் கருமாதி நடந்த வருஷத்திலேயே பெட்ரோல் வண்டிக்குக் காதுகுத்து. ஜாதகம் பார்த்துச் செய்தாலும் இவ்வளவு பொருத்தமாக அமையாது.

கிளப் ரேஸ் விட்ட இடம் சோழவரம். செங்குன்றத்தைத் தாண்டி, ஜி.என்.டி. ரோடு மேலே, இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம். சண்டைக்குப் போட்ட ரோடு; சண்டை முடிந்து சும்மா கிடந்தது. மெட்ராஸ் கனவான்கள் அதில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி வளைவு என்று பெயர் வைத்தார்கள். மகாராஜாக்கள் வந்தார்கள். முதலாளி வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். ஒரு காலகட்டத்தில் விஜய் மல்லையா, நிஜமான ஃபார்முலா ஒன் காரான என்சைன் ஒன்றையே இறக்குமதி பண்ணி இங்கே ஓட்டினார். பிற்பாடு சொந்தமாக ஃபார்முலா ஒன் அணியே வைத்துக்கொண்டார். ஆனாலும் அவருடைய வேகத்தைப் பற்றி நாடே பேசியது 2016 மார்ச்சில், லண்டன் விமானம் ஏறியபோதுதான்.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் இளவட்டத்தில் மணலியிலிருந்து சைக்கிள் மிதித்துச் சோழவரம் போனவர். ரேஸ் எப்படி இருந்தது என்று கேட்டால், "எங்கடா பாக்க வுட்டான்? முன்னால ஒரே தலை. கேட்டேன்" என்பார். பார்த்தவன்கூட இப்படிச் சொல்லமாட்டான், அவர் சத்தத்தை வாயாலேயே ஓட்டிக் காட்டுவார். தூரத்தில் கொசு மாதிரி ஆரம்பித்து, கிட்டே வரும்போது தொண்டை கிழிந்து, கியர் இறங்கும்போது எச்சில் தெறிக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சோழவரத்துக்குக் கிழக்கே கடல்வரை ஒரு பட்டை இருக்கிறதே, மணலி, திருவொற்றியூர், எண்ணூர், இங்கே ரேஸுக்கு வேண்டிய அத்தனையும் தயாரானது. ரேஸ் மட்டும்தான் இங்கே தயாராகவில்லை.

டயரை எடுத்துக்கொள்ளுங்கள். 1946இல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்தார். பலூனைப் பையில் போட்டுக்கொண்டு அவரே தெருத்தெருவாக விற்றார். அப்புறம் டயர் ரீட்ரெடிங் ரப்பர். 1961இல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டோடு சேர்ந்து டயர். அதுதான் எம்.ஆர்.எஃப். 2022இல் எஃப்ரேன் யாரேனா என்ற ஸ்பெயின்காரர் ஐரோப்பிய ராலி சாம்பியன் ஆனது எம்.ஆர்.எஃப். அணிக்காக. ஐரோப்பியச் சேற்றில் ஐரோப்பிய டயர்களுக்குத் தண்ணி காட்டியது, திருவொற்றியூர்க் கொட்டகையில் ஊதிய பலூனின் பேரப்பிள்ளை.

எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் வந்தது. ஆரம்பத்தில் ஆஸ்டின் கார் பூட்டினார்கள். அப்படியே விட்டிருந்தால் இன்று எண்ணூரிலும் ஒரு ரேஸ் அணி இருந்திருக்கலாம், என் பேராசை. ஆனால் தேசத்துக்கு லாரி வேண்டியிருந்தது. லேலண்ட் வந்து சேர்ந்தது, 1955இல் பெயரே அசோக் லேலண்ட் ஆனது, காரை மறந்தார்கள். அந்த முடிவின் பலனை மணலி விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகக் காத்து நிற்கும் டிரெய்லர் வரிசையில் இன்றைக்கும் பார்க்கலாம். அதிலும் முந்துவதற்குப் பலத்த போட்டி உண்டு, வேகம்தான் இல்லை.

திருவொற்றியூர் என்ஃபீல்ட் கதை எல்லாவற்றையும் மிஞ்சும். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்துக் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து ராணுவத்துக்காக புல்லட் செய்ய ஆரம்பித்தார்கள். இங்கிலாந்துக் கடை எழுபதுகளின் தொடக்கத்தில் மூடப்பட்டது. திருவொற்றியூருக்கு யாரும் தந்தி கொடுக்காததாலோ என்னவோ, இங்கே அதே வண்டியை அதே மாதிரி செய்துகொண்டே இருந்தார்கள். 1977இல் அந்த புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி பண்ணினார்கள். வெள்ளைக்காரன் விட்டுப்போன பொருளை அவனிடமே காசு வாங்கிக்கொண்டு கொடுத்த ஊர் வேறு எங்கே இருக்கிறது?

அந்த புல்லட்டைக் கிளப்புவதே தனி ரேஸ். சாவி போட்டு, கிக்கரை மெதுவாக மிதித்துக்கொண்டே ஹெட்லைட் மேலிருக்கும் ஆம்பியர் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் நடுவுக்கு வந்ததும் இடதுகைப் பக்கம் இருக்கும் சின்ன டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் ஒரு நூல் இறக்கி, லீவரை விட்டு, காலை மேலே கொண்டுவந்து, முழு உடம்பையும் போட்டு ஓர் உதை. சரியாக விழுந்தால் 'டப்... டப்... டப்'. கணக்குத் தப்பினால் கிக்கர் திருப்பி உதைக்கும். முழங்கால் கீழே கருநீலத்தில் ஒரு முத்திரை விழும். இதே கம்பெனி ஃப்ளையிங் ஃப்ளீ என்ற மின்சார பைக்கை 2024 நவம்பரில் மிலனில் காட்டியிருக்கிறது. பட்டனை அமுக்கினால் போதும். பரம்பரை வீரர்கள் கெண்டைக்காலைத் தடவிக்கொண்டு, என்னய்யா வண்டி இது, பதிலுக்கு ஓர் உதைகூடக் கிடையாதா என்கிறார்கள்.

டயர், இஞ்சின், லாரி ஆச்சு. பாக்கி பெட்ரோல். 1965இல் இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனி மூவரும் சேர்ந்து மெட்ராஸ் ரிஃபைனரீஸ் ஆரம்பித்து, 1969இல் மணலியில் ஆலை ஓடத் தொடங்கியது. அமெரிக்காக்காரனும் ஈரான்காரனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கூட்டு வியாபாரம் பண்ணிய இடம் எது என்று உலக அரசியல் வகுப்பில் கேட்டால், மணலி என்று தைரியமாக எழுதலாம். இப்போது அது சிபிசிஎல். இரவில் அதன் பிளேர் நெருப்புதான் எங்கள் ஊர் நிலா, அமாவாசையிலும் வரும்.

இத்தனையும் சோழவரத்துக்குப் பக்கத்திலேயே கூடிவந்தது. ஆகவே கிளப் என்ன செய்தது? ஊரின் அந்தக் கோடிக்கு, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த நிலம் வாங்கி டிராக் போட்டு, 1990இல் திறந்துவிட்டுப் போய்விட்டது. நல்ல டிராக், குறை சொல்ல மாட்டேன். நாராயண் கார்த்திகேயன், கருண் சந்தோக் எல்லாரும் உருண்டு புரண்ட இடம்.

பெட்ரோல் கதை அப்படி இருக்க, கரண்ட் பக்கம் திரும்புவோம். 2014 செப்டம்பர் 13, பெய்ஜிங்: கரண்ட் கார்களுக்கென்றே ஒரு ரேஸ், பெயர் ஃபார்முலா இ. பெரியண்ணன் கரண்ட் நூற்றுச் சொச்சம் வருஷம் வனவாசம் முடித்து அரண்மனைக்குத் திரும்பினார். திரும்பியவருக்குப் பாதி ரேஸுக்கு மேல் பேட்டரி தாங்கவில்லை. என்ன செய்வது? ஒவ்வொரு டிரைவருக்கும் இரண்டு கார். பாதி வழியில் ஒன்றிலிருந்து குதித்து இறங்கி, ஓடிப்போய் மற்றதில் ஏறி, பெல்ட் மாட்டிக்கொண்டு மீதியை ஓட்ட வேண்டும். உலகின் எதிர்காலத் தொழில்நுட்பம் இதுதான் என்று அறிவித்த மேடையில், நான்கு வருஷம் இந்த மியூசிக்கல் சேர் நடந்தது. கார்களை சார்ஜ் பண்ண கிளிசரின் எரிக்கும் ஜெனரேட்டர் வைத்தார்கள். ரசிகர்கள் ஓட்டுப் போட்டால் பிடித்த டிரைவருக்குக் கூடுதல் கரண்ட் என்று ஒரு விதி வேறு. ஓட்டுக்குக் கரண்ட் என்ற தத்துவம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல, ஆனால் நாங்கள் அதைத் தோட்டத்து மோட்டாருக்குத்தான் கேட்போம்.

பிறகு 'அட்டாக் மோட்' வந்தது. ஓடுகிற பாதையை விட்டு ஓரமாக விலகிப் போய்வந்தால் கூடுதல் பவர். மணலி ஷேர் ஆட்டோக்காரர்கள் இதைப் பார்த்தால் ராயல்டி கேட்பார்கள்.

கம்பெனிகள் வந்த வரிசையைப் பாருங்கள். 2015இல் டீசல் புகைச் சோதனையில் தில்லுமுல்லு செய்து ஃபோக்ஸ்வேகன் குழுமம் கையும் களவுமாகப் பிடிபட்டது. அதே குடும்பத்து ஆடி, அடுத்த வருஷமே லெ மான்ஸை முடித்துக்கொண்டு, புகையே இல்லாத ஃபார்முலா இ-க்கு முழுநேர பக்தராக வந்தது. பாவம் செய்தவன் மொட்டை போடுவது நமக்குப் புரியும். பிஎம்டபிள்யூ, மெர்சிடஸ், போர்ஷே என்று ஜெர்மனியே பின்னால் வந்தது. முடி வளர்ந்ததும் ஆடியும் பிஎம்டபிள்யூவும் 2021இல் கிளம்பின. மெர்சிடஸ் இரண்டு சீசன் சாம்பியன் பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு 2022இல் கிளம்பியது. கரண்ட் எதிர்காலம் என்று வந்தவர்களில் பலர், எதிர்காலம் வருவதற்குள் புறப்பட்டுவிட்டார்கள்.

முதல் நாளிலிருந்து இருந்து, இன்னும் போகாமல் இருப்பவர் நம் மகிந்திரா. முதல் சீசனில் நம்ம சென்னைப் பிள்ளை கருண் சந்தோக்தான் ஓட்டினார், பெய்ஜிங்கில் ஐந்தாவது. 2017இல் பெர்லினில் ரோசன்க்விஸ்ட் முதல் வெற்றியை வாங்கிக் கொடுத்தார். 2023 பிப்ரவரி 11 அன்று ரேஸ் ஹைதராபாத்துக்கே வந்தது. ஆட்சி மாறியது, 2024 ரேஸ் ரத்து, பிறகு ரேஸுக்குப் பணம் கொடுத்த விவகாரம் வழக்காகிவிட்டது. ஹைதராபாத் ஃபார்முலா இ-யின் மிக நீண்ட சுற்று இன்னும் கோர்ட்டில் ஓடுகிறது.

சென்னையும் சும்மா இருக்கவில்லை. தீவுத்திடலைச் சுற்றி இரவு ரேஸ், 2023 டிசம்பரில் என்று நாள் குறித்தார்கள், பெட்ரோல் கார்தான். மிக்ஜாம் புயல் வந்து ரேஸ் தள்ளிப்போனது. அதே வெள்ளத்தில் மணலி ஆலைப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்கு எண்ணெய் வந்தது. மீனவர்கள் அதை மக்கால் மொண்டு பக்கெட்டில் ஊற்றினார்கள். இதில் எனக்குச் சிரிக்க ஒன்றும் இல்லை. ரேஸ் 2024 ஆகஸ்ட் 31 அன்று ஜோராகத் தொடங்கியது.

ஒரு நாள் சென்னைக்கும் மின்சார ரேஸ் வரும். புகை வராது, சுத்தம் என்பார்கள். எக்ஸாஸ்ட் குழாயே இல்லை என்பார்கள். இருக்கிறது சாமி; கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் என்று எழுதிய இடத்தில் நட்டமாக நிற்கிறது. முதல் பிரிவு 630 மெகாவாட், இரண்டாவது 1,200, 2024இல் திறந்த மூன்றாவது 800. கார் தீவுத்திடலில் ஓடும், சாம்பல் செப்பாக்கத்தில் இறங்கும்.

கரண்ட் ரேஸ் வரப்போகிறதாம் என்று பெரியவரிடம் சொன்னேன். முதலில் டிக்கெட் விலை கேட்டார். அப்புறம் எவ்வளவு சத்தம் வரும் என்றார். சத்தமே இருக்காது தாத்தா, விசில் மாதிரி 'விர்ர்' என்று போகும் என்றேன்.

"பாக்கவும் வுட மாட்டான், கேக்கவும் கேக்காது. அப்புறம் நான் இன்னாத்துக்குடா சைக்கிள் மிதிக்கணும்?"