பூட்டு வாங்கினால் தேவாங்கு இலவசமா?

சுற்றுலாக் கடைக்கு என்ன சரக்கு செய்யலாம் என்று ஒரே மாதத்தில் இத்தனை பேர் கேட்பார்கள் என்று நினைக்கவில்லை. இந்த வாரம் அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்தருள்க.

● தேசியப் பூங்கா வாசலில் எல்லாம் கிஃப்ட் ஷாப் இருக்கிறது. நம் திண்டுக்கல் மாவட்டத்தில் அப்படி ஒன்று போட்டால் ஓடுமா?
வாசகர், வேடசந்தூர்

முதலில் பூங்கா வேண்டுமே! தமிழ்நாட்டில் தேசியப் பூங்கா ஐந்துதான்: கிண்டி, முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா. நமக்கு வாய்த்தவை சரணாலயங்கள். 2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் வந்தது. 2022 அக்டோபரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் வந்தது. தேவாங்குக்கென்றே இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அது. 11,806 ஹெக்டேர். கரூர் மாவட்டத்தோடு பங்கு போட்டுக்கொள்கிறோம். நம் பக்கம் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் வட்டங்கள். அதாவது உங்கள் வீட்டுக் கொல்லைப்புறம்.

ஆனால் கடையைக் காட்டு ஓரத்தில் போடாதீர்கள். தேவாங்கு இரவில்தான் வெளியே வரும், அப்போது உங்கள் கல்லா மூடியிருக்கும். சுற்றுலாப் பயணி நடமாடுவது மலைக்கோட்டை அடிவாரம், ரயில் நிலையம், பிரியாணிக் கடை வாசல். பழனிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்கள் திண்டுக்கல்லில் இறங்குவதே சாப்பிடத்தான். கை கழுவிவிட்டு வரும் இடத்தில் கடை போடுங்கள்.

● தேவாங்கு பொம்மை தைத்து விற்கலாமா? எங்கள் மகளிர் குழுவில் பதினோரு பேர், எல்லோருக்கும் தையல் தெரியும்.
வாசகி, அய்யலூர்

தாராளமாக. சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை வெட்டியபின் விழும் துண்டுத் துணியே போதும். ஒரு வேண்டுகோள்: வால் வைத்துவிடாதீர்கள். குரங்கு பொம்மைக்கான அட்டை மாதிரியை எடுத்துவைத்து வெட்டினால் வாலும் சேர்ந்தே வந்துவிடும். நம் தேவாங்குக்கு வால் கிடையாது. ஒரு சாண் உடம்பு, குச்சிக் கை கால், முகத்தில் பாதி கண். கொழுகொழுவென்று பஞ்சு அடைத்தால் அது கரடிக்குட்டி.

பொம்மையோடு ஒரு துண்டுச் சீட்டு கட்டிவிடுங்கள். மரத்தில் மெல்ல நகர்ந்து பூச்சி பிடித்துத் தின்னும் பிராணி, விவசாயிக்குச் சம்பளமில்லாத வேலையாள் என்று நாலு வரி. மாந்திரீகம், மருந்து என்று சொல்லி இதைப் பிடித்து விற்ற கொடுமை இந்தப் பக்கம் நெடுங்காலம் நடந்தது. உயிரோடு இருப்பதை விற்றவர்கள் ஊரில், துணியில் செய்ததை விற்றுப் பதினோரு வீட்டில் உலை கொதித்தால் தேவாங்குக்கே ஆட்சேபணை இருக்காது.

● எங்கள் வீட்டில் என்னைத் ‘தேவாங்கு’ என்றுதான் திட்டுகிறார்கள்…
பெயர் வேண்டாம், நிலக்கோட்டை

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறீர்கள். யாரும் கை வைக்க முடியாது என்று சொல்லிப் பாருங்கள்.

● பூட்டுப் பட்டறை வைத்திருக்கிறேன். சின்னதாகப் பூட்டு மாதிரி சாவிக்கொத்து செய்தால் நல்ல விற்பனை என்கிறார் ஒரு வியாபாரி. செய்யலாமா?
பட்டறைக்காரர், நல்லாம்பட்டி

‘பூட்டு மாதிரி’ என்கிறாரே, அங்கேதான் எனக்கு நெருடுகிறது. பூட்டாத பூட்டைத் திண்டுக்கல் பெயரில் விற்பது, குழம்பு ஊற்றாத சாம்பார் சாதம் பரிமாறுகிற மாதிரி. அச்சில் வார்த்த பொம்மைப் பூட்டை எந்த ஊரிலும் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளுவார்கள். விலையில் அவர்களோடு உங்களால் மோத முடியாது. நீங்கள் மோதக்கூடிய இடம் வேறு. தகடு வெட்டி, பித்தளை லீவர் அரைத்து, அரத்தால் சாவிக்குப் பல் போடும் கை உங்களிடம் இருக்கிறது. இயந்திரத்தில் செய்த அலிகார் பூட்டு வந்து அந்தக் கைகளில் பாதியை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டது. மிச்சம் இருப்பவர்களுக்கு ஏற்ற சரக்கைத்தான் யோசிக்க வேண்டும்.

என் யோசனை: பயணப் பெட்டிக்கும் மேசை இழுப்பறைக்கும் பொருந்தும் அளவில் நிஜ மாங்காய்ப் பூட்டு. எடை குறைவாக, இரண்டு சாவியோடு. கடைசி மெருகு மட்டும் கொஞ்சம் கூடுதலாக. சாவி வளையத்தில் செய்த பட்டறையின் பெயரும் ஆண்டும் பொறித்திருக்கட்டும். இன்னொரு வகை, தந்திரப் பூட்டு. சாவி கையில் இருந்தும் வழி தெரியாதவன் திறக்க முடியாது. இதைக் கடை மேசையில் ஒன்று வைத்து, ‘திறந்து காட்டுங்கள்’ என்று பயணியிடம் நீட்டுங்கள். முயன்று தோற்றவர்களில் பலர் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். நண்பர்களைத் தோற்கடிக்க வேண்டாமா?

2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பெருமையோடு சட்டமிட்டு மாட்டிவிட்டால் போதாது. ஒவ்வொரு உற்பத்தியாளரும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று சென்னைப் பதிவகத்தில் தனியாகப் பதிய வேண்டும். பதிவு பத்தாண்டுக்கு, பிறகு புதுப்பிக்கலாம். பதிந்தவர் குறியீட்டு முத்திரையைப் பெட்டியில் அச்சிடலாம். வெளியூர்ச் சரக்கில் ‘திண்டுக்கல்’ என்று ஒட்டி விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. உங்கள் வியாபாரியிடம் இதைப் பேச்சுவாக்கில் சொல்லி வையுங்கள்.

● சிறுமலைக் காட்சி முனையில் கம்பி வேலி போட்டு, காதலர்கள் பூட்டு மாட்டிச் சாவியை வீசும்படி செய்தால்? பூட்டும் விற்கும், காதலும் வளரும்.
கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பாரிஸில் போன் தெ ஆர் என்ற பாலத்தில் இதைத்தான் செய்தார்கள். 2014இல் பாரம் தாங்காமல் கைப்பிடியின் ஒரு பகுதி சரிந்தது. மறு ஆண்டு மாநகராட்சி கழற்றி எடுத்த பூட்டுகளின் எடை சுமார் 45 டன். சிறுமலையில் 18 கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய் அத்தனை இரும்பை யார் இறக்குவது? வீசிய சாவியைக் குரங்கு எடுத்துக்கொண்டு போனால், பூட்டுக்கும் காதலுக்கும் அதுதான் பொறுப்பு.

● பழனிப் பஞ்சாமிர்தம் சின்ன டப்பாவில் அடைத்து மலையடிவாரக் கடையில் வைக்கலாமா?
வாசகி, ஒட்டன்சத்திரம்

‘பழனிப் பஞ்சாமிர்தம்’ என்ற பெயரும் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அது பழனிக் கோயிலுக்குரியது. நீங்கள் வீட்டில் கிளறி அந்தப் பெயரை ஒட்டினால் முருகன் மன்னித்தாலும் தேவஸ்தானம் மன்னிக்காது. உணவுப் பாதுகாப்புப் பதிவு, தயாரித்த தேதி, எடை, விலை, முகவரி எல்லாம் லேபிளில் வேண்டும் என்பது வேறு. இன்னொன்று, காட்டு ஓரம் இனிப்பு விற்றால் முதல் வாடிக்கையாளர் வானரம். அது டப்பாவையும் வனத்துக்குள் கொண்டுபோய்த்தான் போடும்.

● திண்டுக்கல் சுருட்டு? சர்ச்சிலே புகைத்தது என்பார்களே!
ஓய்வுபெற்ற ஆசிரியர், வத்தலக்குண்டு

நம் வட்டாரப் புகையிலைக்குப் பெயர் உண்டு. ஸ்பென்சர் கம்பெனி இங்கே சுருட்டு ஆலையே நடத்தியது. ஆனால் பெட்டியில் 85 சதவீத இடம் எச்சரிக்கைப் படத்துக்கும் வாசகத்துக்கும் போய்விடும். மிச்சம் 15 சதவீதத்தில் மலைக்கோட்டையை வரைந்து என்ன பயன்? தவிர, காய்ந்த புல் நிற்கும் வனத்துக்குப் போகிறவன் கையில் நெருப்புப் பெட்டியைத் திணிக்கும் கடை உருப்படாது.

● மயில் தோகை நம் பக்கம் நிறையக் கிடைக்கிறது. விசிறி செய்யலாமா?
வாசகர், நத்தம்

தானாக உதிர்ந்த இறகை உள்நாட்டில் விற்கச் சட்டம் விலக்கு தருகிறது, ஏற்றுமதி செய்யத் தடை. உதிர்ந்ததா, பிடுங்கியதா என்று அடிக்குருத்தைப் பார்த்தே வனத்துறை சொல்லிவிடும். கடைக்கு வரும் வெளிநாட்டுக்காரர் அந்த விசிறியோடு விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டால், ஊரைப் பற்றி அவர் மனதில் பதிவது கோட்டையாக இருக்காது. விட்டுவிடுங்கள்.

● காட்டிலிருந்து எதையுமே எடுக்காமல் காட்டுப் பொருள் செய்ய முடியாதா?
சமூகப்பணி மாணவி, காந்திகிராமம்

எடுத்தால் காடு நன்றி சொல்கிற பொருள் ஒன்று உண்டு. உண்ணிச்செடி. வெள்ளைக்காரன் அழகுக்குக் கொண்டுவந்து நட்டது, இப்போது மான் மேய்ச்சலை மூடிக்கொண்டு புதராக நிற்கிறது. கூடலூரில் பெட்டகுறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளிகர் மக்கள் அதன் தண்டை வெட்டி, வேகவைத்து, தோலுரித்து, இரும்புச் சட்டத்தில் வளைத்து நிஜ அளவில் யானை செய்கிறார்கள். அங்கே நடமாடும் உண்மையான யானைகள்தான் மாதிரி. அந்த யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறின.

சிறுமலையிலும் பழனி மலையிலும் உண்ணிச்செடிக்குப் பஞ்சமில்லை. பளியர் மக்களுக்குக் காடு தெரியும். வனத்துறை அனுமதியோடு, பயிற்சிக்குக் கூடலூர்க்காரர்களை அழைத்து, யானையில் தொடங்காமல் கூடை, பேனாத் தாங்கி, கையளவு தேவாங்கு என்று ஆரம்பிக்கலாம். உங்கள் காந்திகிராமத்தில் 1947 முதலே கிராமத் தொழில் நடக்கிறது. கதர், சோப்பு, சித்த மருந்து என்று செய்து விற்றுப் பழகியவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். என்னைக் கேட்பதற்கு முன் அவர்களைக் கேட்டிருக்கலாம்!

● செய்துவிடலாம். கடைக்காரர் பாதி விலையை எடுத்துக்கொள்கிறாரே?
தையற்காரம்மா, சின்னாளபட்டி

எடுக்கத்தான் செய்வார். வாடகை, ஆள், விற்காமல் தூசி படியும் சரக்கு எல்லாம் அவர் தலையில். உலகம் முழுக்கப் பரிசுப்பொருள் கடைகளில் நாற்பது முதல் ஐம்பது சதவீதம் கடைப்பங்கு என்பது சாதாரணம். அதனால் கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். பயணி யோசிக்காமல் எடுக்கும் விலை இருநூறு ரூபாய் என்று வைத்தால் உங்கள் கைக்கு வருவது நூறு. அதில் துணி, நூல், கூலி, உறை, வண்டிச்செலவு எல்லாம் போய் இருபதாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சாது என்றால் விலையை ஏற்றாதீர்கள், தையலைக் குறையுங்கள். மூன்று மணி நேரத்தில் செய்வதை ஒரு மணி நேரமாக்க வடிவத்தை மாற்றுங்கள்.

‘விற்ற பிறகு காசு’ என்று சரக்கை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளும் கடையாக இருந்தால் பங்கைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நில்லுங்கள். அங்கே முதலும் உங்களுடையது, ஆபத்தும் உங்களுடையது. எழுத்தில் வாங்குங்கள். நேரடியாக விற்க ரயில்வேயின் ‘ஒரு நிலையம் ஒரு பொருள்’ கடை 2022 முதல் இருக்கிறது, மகளிர் குழு என்றால் பூமாலை வளாகம் இருக்கிறது.

● ‘திண்டுக்கல்’ என்று அச்சடித்த பீங்கான் கோப்பை, காந்தம் எல்லாம் மொத்த விலையில் மலிவாகக் கிடைக்கிறதே?
கடைக்காரர், பேகம்பூர்

கிடைக்கும். அதே கோப்பையில் அடுத்த மாதம் ‘ஊட்டி’ என்றும் அச்சடிப்பார்கள். அமெரிக்கத் தலைநகரில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகக் கடையில் அவர்கள் நாட்டு அதிபர்களின் சிலைகளே சீனத் தயாரிப்பாக இருந்ததைப் பார்த்து, 2011இல் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் சண்டைக்குப் போனார். உங்கள் கடைக்கு அவர் வரப்போவதில்லை. நல்லாம்பட்டிக்காரர் வரலாம்.

● பிள்ளைகளுக்குச் செலவில்லாமல் ஏதாவது?
இரு பிள்ளைகளின் அம்மா, வடமதுரை

முத்திரை! அமெரிக்க தேசியப் பூங்காக்களில் 1986 முதல் ‘பாஸ்போர்ட்’ என்று ஒரு கையேடு விற்கிறார்கள். ஒவ்வொரு பூங்காவிலும் இடமும் தேதியும் உள்ள ரப்பர் முத்திரையை இலவசமாகக் குத்திக்கொள்ளலாம். அதற்காகவே குடும்பத்தை இழுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றும் பிள்ளைகள் உண்டு. நமக்கு மலைக்கோட்டைக்கு ஒன்று, சிறுமலைக்கு ஒன்று, காந்திகிராமத்துக்கு ஒன்று, அய்யலூரில் கண்ணை உருட்டும் தேவாங்கு ஒன்று. ரப்பர் முத்திரைக்கு எவ்வளவு ஆகிவிடும்? கையேட்டை விற்று அந்தக் காசை எடுத்துவிடலாம். மாவட்ட நிர்வாகத்தின் காதில் விழட்டும்.

● சிறுமலை வாழைப்பழம் நினைவுப் பொருள் ஆகுமா?
வாசகர், சென்னை

2008லேயே புவிசார் குறியீடு வாங்கிய பழம். தோல் கறுத்த பிறகுதான் ருசி. சென்னை போய்ச் சேர்வதற்குள் ரயிலில் தீர்ந்துவிடும் என்பதுதான் சிக்கல்.

● என் மகளைக் கட்டியவர் அமெரிக்கர். முதல்முறையாக வந்துவிட்டுத் திரும்புகிறார். என்ன கொடுத்தனுப்பலாம்?
மாமனார், ரவுண்ட் ரோடு

மாங்காய்ப் பூட்டு ஒன்று. சாவி இரண்டையும் மகளிடம் கொடுத்துவிடுங்கள்.