சிங்கத்தை நாய் என்றவன்

பழைய கம்பளம் வாங்கப் போகிறவன் அரைகுறையாகப் படித்துவிட்டுப் போகக் கூடாது. நான் படித்துவிட்டுத்தான் போனேன். சதுர அங்குலத்துக்கு முடிச்சு கூடக் கூடக் கம்பளம் உசத்தி என்று எங்கோ வாசித்ததை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, சட்டைப் பையில் ஒரு ஸ்கேலும் பூதக்கண்ணாடியும் வைத்திருந்தேன். ஷார்ஜாவில் குப்பை கொட்டிக்கொண்டிருந்த காலம். ஈரானியர்களின் கம்பளக் கடைகளுக்கு அங்கே பஞ்சமில்லை.

கடைக்காரர் விரித்தது ஒரு கப்பே. ஈரானின் ஃபார்ஸ் மாகாணத்துக் கஷ்காய், லுர் நாடோடிப் பெண்கள் தங்கள் கூடாரத்துக்கென்று நெய்துகொண்ட தடித்த கம்பளம். ஈரானிய இயக்குநர் மக்மல்பாஃப் 1996இல் இதே பெயரில் ஒரு படம் எடுத்தார். அதையும் பார்த்திருந்தேன், தூங்கிய நேரம் போக. கம்பளத்தைக் குப்புறத் திருப்பி, ஸ்கேலை வைத்து எண்ண ஆரம்பித்தேன். அவர் டீ சொன்னார். டீ வந்து ஆறியும் போனது. நான் எதிர்பார்த்ததில் கால்வாசிகூடத் தேறவில்லை.

“முடிச்சு ரொம்பக் கம்மி” என்றேன்.

“மலைக் குளிரில் இதன்மேல் படுக்கிறவன் முடிச்சை எண்ண மாட்டான் பாய்” என்றார் இந்தியில்.

முடிச்சுக் கணக்கெல்லாம் இஸ்ஃபஹான், காஷான் பட்டறைகளுக்கு. ஓவியர் கட்டம் போட்ட தாளில் வரைந்து கொடுத்த டிசைனை வரி பிசகாமல் நெய்கிற இடங்கள் அவை. கூடாரத்தில் தாளுக்கு எங்கே போவது? அம்மா நெய்த பழைய கம்பளம் ஒன்று, மிச்சத்துக்கு ஞாபகம்.

அடுத்து நான் வாயைத் திறந்தது இன்னும் அபாரம். நடுவில் மஞ்சளாக ஒரு பிராணி. மனுஷ முகம், சுருட்டித் தூக்கிய வால். “நாய் நல்லா வந்திருக்கு” என்று பெருந்தன்மையோடு பாராட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. சிங்கமாம். ஃபார்ஸின் சிங்கக் கம்பளங்களைத் தேடித் தேடிச் சேர்த்துப் புத்தகமே போட்டவர் சிற்பி பர்வீஸ் தனாவோலி. அந்தப் பெயர் எனக்கு மனப்பாடம். சிங்கம்தான் எதிரே வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை. ஈரானில் 1940கள் வரை நிஜச் சிங்கங்கள் இருந்தன. பெர்செபோலிஸ் படிக்கட்டுச் சுவரில் காளையைக் கவ்வும் சிங்கம், பக்தியாரி இனத்தவர் கல்லறைகளின் மேல் நிற்கும் கல் சிங்கம், புரட்சிக்கு முன் தேசியக் கொடியில் வாளேந்திய சிங்கம் என்று எங்கு திரும்பினாலும் அதுதான். நெய்தவளுக்கு அதில் சந்தேகமே இருந்திருக்காது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நீலம் ஓரிடத்தில் சட்டென்று வெளிறியிருப்பதைக் காட்டி, “சாயம் போயிருக்கு, குறைச்சுக் கொடுங்க” என்றேன். ஒரு பானை அவுரியில் முக்கிய நூல் தீர்ந்து, அடுத்த பானை நூல் தொடங்கிய இடம் அது. அப்ராஷ் என்பார்கள். சேகரிக்கிறவர்கள் அதை ரசித்துப் பார்ப்பார்கள். நான் தள்ளுபடி கேட்டேன். ஒரு பக்கம் அகலம் கூட என்று இன்னொரு தள்ளுபடியும் கேட்டேன். கஷ்காய்களின் தறி தரையில் முளையடித்துக் கட்டுவது. வசந்தத்தில் தாழ்நிலத்துச் சூட்டை விட்டு ஜாக்ரோஸ் மலைக்கு ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பும்போது முளையைப் பிடுங்கி, பாதி நெய்ததை அப்படியே சுருட்டி மூட்டையோடு ஏற்றிவிடுவார்கள். போய் இறங்கிய இடத்தில் மறுபடி கட்டினால் பாவு பழைய இறுக்கத்தில் நிற்குமா? இதைச் சொல்லிக்கொண்டே கடைக்காரர் கம்பளத்தைச் சுருட்டினார். விலையைக் கடைசிவரை சொல்லவில்லை.

வீறாப்பில் வேறொரு கடைக்குப் போய் என் மனசுக்கேற்ற மாதிரி ஒன்றை வாங்கினேன். நூல் பிடித்தது போன்ற ஓரம், முதல் முனையிலிருந்து கடைசி முனைவரை ஒரே நிறம், “நூறு வருஷத்துக் கஷ்காய்” என்ற வாய்வார்த்தை. வீட்டில் பையன் குஞ்சத்தைப் பிடித்து இழுத்தான். குஞ்சம் கையோடு வந்துவிட்டது. கையால் நெய்த கம்பளத்தில் குஞ்சம் என்பது பாவு நூலின் மீதி முனை. பிய்த்தாலும் இப்படிப் பட்டையாகக் கழன்று வராது. என்னுடையது தனியாகத் தைத்து ஒட்டவைத்தது. இழைகளைப் பிரித்துப் பார்த்தேன். நுனியில் வயதான பழுப்பு, அடியில் கல்யாணப் பந்தல் ரோஸ். ரசாயனத்தில் முக்கி வயதேற்றியிருக்கிறார்கள். வாங்கிய அன்றும் பூதக்கண்ணாடி பையில்தான் இருந்தது.

அதற்காக வந்தவர்களிடம் அளப்பதை விட்டுவிட முடியுமா? கம்பளம் முழுக்க, பூத்தே என்கிற நுனி வளைந்த துளி வடிவம். ஜரதுஷ்டிரரின் நெருப்பு என்று ஒருவரிடம் சொன்னேன். காற்றில் சாய்ந்த சைப்ரஸ் மரம் என்று இன்னொருவரிடம். (இரண்டையும் சொல்கிறவர்கள் உண்டு, நிரூபித்தவர் யாரும் இல்லை.) ஊருக்குக் கொண்டுவந்த பிறகு, பெரியம்மாவிடம் நெருப்புக் கதையை முழு நீளத்துக்கு அவிழ்த்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் பட்டுப்புடவை முந்தானையை விரித்துக் காட்டினார். வரிசை வரிசையாக மாங்காய்.

“இதுல எத்தனை வீடு எரியுதுடா?” என்றார்.

அடுத்து வந்த விருந்தாளியிடம் பாதாம்பருப்பு என்று சொல்லிவைத்தேன்.