ஆரோக்கியசாமியின் அரைக் கரண்டி

சூப்பர் மார்க்கெட்டில் எந்தப் பாட்டிலை எடுத்தாலும் முன்பக்கத்தைப் பார்க்காமல் நேரே பின்பக்கத்துக்குப் போகிறவர் ஒருவர் உண்டு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பாட்டிலை மூக்குக்கு நேரே பிடித்து, ஜாதகத்தில் தோஷம் தேடும் ஜோசியர் மாதிரி உதட்டைப் பிதுக்குவார். அவருடைய உண்மைப் பெயர் குடியிருப்போர் சங்கப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. எங்கள் பிளாக்கில் எல்லோருக்கும் அவர் ஆரோக்கியசாமி. உங்கள் பிளாக்கிலும் ஒருவர் இருப்பார். யாரும் நினைவுக்கு வரவில்லை என்றால், மற்றவர்கள் உங்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

பிறவியிலேயே இப்படி இருந்தவர் அல்ல. கம்ப்யூட்டர் வேலை, நாற்பதைத் தாண்டிய வயது, டீக்கடை வாசலில் நின்றபடி பட்டர் பிஸ்கட். வருஷாந்திர ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஏதோ ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி விழுந்தது. அன்றோடு பழைய மனிதர் போய்விட்டார். வீட்டிலிருந்து வெள்ளைச் சர்க்கரை போயிற்று, மைதா போயிற்று, ரீஃபைண்ட் எண்ணெய் போயிற்று, நான்ஸ்டிக் தவா வேலைக்கார அம்மாவின் வீட்டுக்குப் போயிற்று. மிஞ்சியிருந்தது மகளின் நியூட்டெல்லா பாட்டில் ஒன்றுதான். காலையில் ரொட்டிக்கு, மாலையில் தோசைக்கு, ராத்திரி பத்து மணிக்குமேல் வெறும் விரலுக்கு என்று அந்தப் பாட்டில் மூன்று வேளையும் புழங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அதையும் திருப்பிப் படித்துவிட்டார்.

"எது அதிகமோ அதைத்தான் முதல்ல எழுதணும்ங்க, சட்டம்" என்று, தள்ளுவண்டியோடு போய்க்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஓர் அம்மாளை நிறுத்திச் சொன்னார். "முதல்ல என்ன போட்டிருக்கான்? சர்க்கரை. ரெண்டாவது பாமாயில். ஹேசல்நட் மூணாவதாத்தான் வருது, அதுவும் 13 பர்சென்ட். 100 கிராம்ல 56 கிராம் சர்க்கரைங்க! பாதிக்கு மேல!"

"அப்படியா சார்" என்று அந்த அம்மாள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார். சார் அடுத்த வரிசைக்கு நகர்ந்ததும், இருப்பதிலேயே பெரிய பாட்டிலாகப் பார்த்து வண்டியில் வைத்துக்கொண்டார்.

ஆரோக்கியசாமியிடம் ஒரு தொல்லை என்னவென்றால், அவர் சொல்வது பெரும்பாலும் உண்மையாக இருக்கும். அந்தப் பாட்டிலின் எண்கள் சரிதான். சத்தான காலை உணவு என்கிற தோரணையில் விளம்பரம் செய்கிறார்கள் என்று அமெரிக்காவில் ஒரு தாய் வழக்குப் போட்டதும், 2012-ல் கம்பெனி சுமார் 30 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டதும் உண்மைதான். பாட்டிலுக்கு 4 டாலர், ஆளுக்கு அதிகபட்சம் 5 பாட்டில் என்று நஷ்டஈடு நிர்ணயித்தார்கள். இதைச் சொல்லும்போது சாமியின் குரலில் கொஞ்சம் ஏக்கம் எட்டிப் பார்க்கும். 20 டாலரை ரூபாய்க்கு மாற்றிப் பார்த்திருக்கிறார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

அந்தப் பாட்டிலில் இருப்பதை இனி வீட்டிலேயே செய்துவிடுவது என்று சாமி தீர்மானித்தார். செய்வதற்கு முன்னால் வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே ராத்திரிச் சாப்பாட்டில், ரசம் ஆறிக்கொண்டிருக்கும்போது, "இது எல்லாத்துக்கும் காரணம் நெப்போலியன்" என்று ஆரம்பிப்பார். பிரிட்டிஷ்காரர்களின் வியாபாரத்தை முடக்க 1806-ல் நெப்போலியன் தடை போட்டார். கப்பலில் வரும் கோகோவுக்குத் தட்டுப்பாடு வந்தது. இத்தாலியின் வடக்கே டூரின் நகரத்து மிட்டாய்க்காரர்கள், பக்கத்திலேயே லாங்கே குன்றுகளில் விளையும் ஹேசல்நட்டை அரைத்துக் கோகோவோடு சேர்த்து ஒப்பேற்றினார்கள். அந்த ஊர்க்காரர்கள் சொல்லிக்கொள்ளும் கதை இது. அந்தக் கலவைக்குத் தங்கள் திருவிழாக் கோமாளி ஜியாண்டுயாவின் பெயரையே வைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் மறுபடியும் கோகோ கிடைக்கவில்லை. ஆல்பா என்கிற சின்ன ஊரில் பியெத்ரோ ஃபெரேரோ என்ற மிட்டாய்க்காரர் 1946-ல் அதே உபாயத்தைக் கையில் எடுத்தார். அப்போது அது பாட்டிலில் வரவில்லை. வெள்ளித்தாள் சுற்றிய கட்டி. கத்தியால் வெட்டி ரொட்டிக்குள் வைத்துத் தின்ன வேண்டும். குழந்தைகள் கட்டியைத் தின்றுவிட்டு ரொட்டியை எறிந்துவிட்டதாக ஒரு பேச்சு உண்டு. 1951-ல் அதைத் தடவுகிற பதத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1964-ல் மகன் மிக்கேலே அதற்குப் புதுப் பெயர் வைத்துப் பாட்டிலில் விட்டார்.

"ரொட்டியை எறிஞ்சாங்களா? நல்ல ஐடியாவா இருக்கேப்பா" என்றாள் மகள். அவளுக்கு அந்த ஒரு வரிதான் காதில் விழுந்தது.

"நாம ஒரிஜினலுக்குத் திரும்பப் போறோம்" என்று சாமி உரையை முடித்தார். இங்கே நான் குறுக்கே விழாமல் இருக்க முடியவில்லை. ஒரிஜினலே பஞ்சத்துக்குப் பிறந்த பிள்ளை. கோகோ கட்டுப்படியாகாததால் மலிவாகக் கிடைத்த கொட்டையைப் போட்டார்கள். இன்றைக்குச் சென்னையில் கட்டுப்படியாகாதது கொட்டைதான். டூரின்காரர்களின் சமயோசிதம் சாமிக்கு இருந்திருந்தால் வேர்க்கடலையைத் தொட்டிருப்பார். அவருக்கு அது மரியாதைக் குறைவு.

உலகத்தின் ஹேசல்நட்டில் பெரும்பகுதி துருக்கியின் கருங்கடல் ஓரத்தில், ஓர்து, கிரேசுன் பக்கங்களில் விளைகிறது. 2014 மார்ச் கடைசியில் அங்கே உறைபனி விழுந்து விளைச்சல் படுத்து, உலகச் சந்தையில் விலை எகிறியதை, சொந்த வயல் அழிந்துபோன வருத்தத்தோடு விவரிப்பார். கடையில் வாங்கி வந்தபின் மனைவியிடம் விலை சொல்ல வேண்டிய கட்டம் வரும். அப்போது கிலோக் கணக்கு கிடையாது, கிராம் கணக்குதான். கோகோவுக்கு மட்டும் உள்ளூர்ப் பாசம். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ போடுகிறார்கள் என்று கண்டுபிடித்து, அந்தப் பக்கத்துத் தூளைத் தேடிப் பிடித்து வந்திருக்கிறார். நல்ல தூள்தான், நல்ல கசப்பும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அடுக்களை கைமாறும். கொட்டையை ஓவனில் 175 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிஷம் வறுப்பது பெரிய காரியமில்லை. பழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த மெல்லிய தோலை எடுப்பதுதான் பாடு. சூட்டோடு ஒரு துணியில் கொட்டி, மூட்டை கட்டித் தேய்க்க வேண்டும். சாமி இதற்கென்று எடுப்பது வீட்டிலேயே நல்ல துண்டாக, விருந்தாளிகளுக்கென்று பீரோவில் வைத்திருந்த தேங்காய்ப்பூத் துண்டாக இருக்கும். தேய்த்து முடித்ததும் வியர்க்கிறதே என்று ஃபேனைப் போட்டார். தோல் முழுவதும் எழுந்து, ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அவருடைய அம்மாவின் காப்பி டம்ளரில் இறங்கியது.

"டேய், என்னடா இது, வீடெல்லாம் பொடுகு?"

"ஃபைபர்மா. நார்ச்சத்து. குடி, ஒண்ணும் ஆகாது."

அடுத்தது மிக்ஸி. கொட்டை முதலில் ரவையாகும். பிறகு ஈரப்பதமாகிப் பக்கங்களில் அப்பிக்கொள்ளும். பிறகு ஒரே உருண்டையாகத் திரண்டு பிளேடின் மேல் உட்கார்ந்துகொண்டு சுற்ற மறுக்கும். இந்தக் கட்டத்தில்தான் அனுபவம் இல்லாதவர்கள் தண்ணீர் விட்டுக் கெடுப்பார்கள். விடக் கூடாது. நிறுத்தி, வழித்து, மறுபடி ஓட்ட வேண்டும். ஓட்ட ஓட்டச் சூட்டில் கொட்டை தன் எண்ணெயைத் தானே கக்கும். ஆனால் அதற்குள் மிக்ஸியிடமிருந்து ஒரு வாடை கிளம்பி, உறுமல் இறங்கி, 'டக்'கென்று நின்றுவிடும்.

"மிக்ஸி போச்சு" என்றார் சாமி, குரல் இறங்கி.

மனைவி ஹாலிலிருந்தே எழுந்து வந்தார். ஒன்றும் பேசவில்லை. ஜாரைக் கழற்றிவைத்து, மிக்ஸியை ஒருக்களித்து, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கினார். "கொஞ்ச நேரம் ஆற விட்டுட்டுப் போடுங்க. நாளைக்குச் சட்னிக்கு இது எனக்கு வேணும்." எந்தெந்த எண்ணெயில் எவ்வளவு ஒமேகா என்று தெரிந்து வைத்திருக்கிறவருக்கு, தன் வீட்டு மிக்ஸிக்கு அடியில் ஒரு பொத்தான் இருப்பது தெரியாது.

ஆறவைத்து மறுபடி ஓட்டியதும் அது நடந்தது. உருண்டை உடைந்து, குழைந்து, பளபளவென்று இளகி, கரண்டியிலிருந்து நூலாக ஒழுகத் தொடங்கியது. வறுத்த வாசனை லிஃப்ட் வரை வந்துவிட்டது. கேலிக்கு நடுவே இதையும் சொல்லத்தான் வேண்டும்: சூடான அந்த விழுது, வேறு எதுவும் சேராமல், அப்படியே நாக்கில் கரைகிற வஸ்து. அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. சாமி கோகோவைப் போட்டார். பிறகு கருப்பட்டிப் பாகை ஊற்றினார்.

கொட்டை விழுதும் கோகோவும் கொழுப்பின் தயவில் இளகி இருப்பவை. கொஞ்சூண்டு தண்ணீர் பட்டாலும் கோகோத் தூள் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கூட்டம் கூட்டமாகக் கட்டிதட்டிவிடும். பாகில் தண்ணீர் இருக்கிறது, தேனிலும் இருக்கிறது, பேரீச்சம்பழத்திலும் இருக்கிறது. ஒரு நொடியில் ஜாருக்குள் இருந்தது அப்பவும் முடியாத, உருட்டவும் முடியாத ஒரு கருத்த பிண்டம். இளக்கப் பால் விட்டார். இளகியது; நாலைந்து நாளில் கெட்டும் போனது. பிற்பாடு கருப்பட்டியை வெயிலில் காயவைத்துப் பொடித்துப் போடக் கற்றுக்கொண்டார். அது வேலை செய்தது. இடையில் கொண்டைக்கடலை போட்டு ஒரு பதிப்பு வந்தது. அதைச் சாப்பிட்ட மகள், "அப்பா, இதுல தேங்காய் போட்டுத் தாளிச்சா சுண்டல்" என்றாள்.

கடைச் சரக்கில் பாமாயில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அறை வெப்பத்தில் அது பாதிக் கெட்டியாக இருப்பதால்தான் கொட்டையின் எண்ணெய் தனியே மிதக்காமல் நிற்கிறது. சாமி அதற்குப் பதில் மரச்செக்குத் தேங்காய் எண்ணெய் விட்டார். அது 24 டிகிரிவாக்கில் உருகிவிடும். சென்னையில் அந்த வெப்பநிலை மார்கழி விடியற்காலையில் சற்று நேரம் வந்துவிட்டுப் போகும். ஆகவே பாட்டில் மேடையில் இருந்தால் ரசம், ஃப்ரிட்ஜில் இருந்தால் பாறை. பாறையில் குத்தி வளைந்த கரண்டிகள் இப்போது அந்த வீட்டில் தனி டப்பாவில் கிடக்கின்றன.

நான் ஒருமுறை பேச்சுவாக்கில், "பாமாயில்ல நிறைவுற்ற கொழுப்பு பாதிதான் சார். தேங்காய் எண்ணெய்ல 80 பர்சென்ட்டுக்கும் மேல" என்று சொல்லிவிட்டேன்.

"அது வேற. இது செக்குல ஆட்டினது" என்றார். மறுக்க வழியில்லாத பதில்.

அவருடைய இறுதிச் சூத்திரம்: கொட்டை 250 கிராம், கருப்பட்டிப் பொடி 150, கோகோ 40, எண்ணெய் 60. சர்க்கரை 100 கிராமுக்கு 30 கிராம்வாக்கில் வருகிறது. கடைப் பாட்டிலோடு ஒப்பிட்டால் பாதியை ஒட்டித்தான். அந்தப் பெருமையை அவரிடமிருந்து பறிக்க முடியாது. ஆனால் அந்தக் கருப்பட்டியைச் சர்க்கரை என்று ஒப்புக்கொள்ள மாட்டார். அதில் கொஞ்சம் தாது உப்பு உண்டு, பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். தேனையும் பாகுகளையும் சேர்த்துத்தான் அளவோடு நிறுத்துங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. அது சாமியின் காதை எட்டும்போது வெள்ளைச் சர்க்கரைக்கு மட்டுமான கண்டனமாகச் சுருங்கிவிட்டது. கலோரி? கடைப் பாட்டிலில் 100 கிராமுக்கு 539. இவருடையதை நான் கணக்குப் போட்டேன்: 550-ஐ ஒட்டி நிற்கிறது. கொட்டையில் பாதிக்கு மேல் கொழுப்பு. நல்ல கொழுப்புதான், அதற்காகக் கலோரி குறைந்துவிடாது.

இத்தனைக்கும் நடுவில் அவர் தயாரிப்பு உடம்புக்கு நல்லதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. காரணம் கருப்பட்டியும் இல்லை, செக்கும் இல்லை. துருக்கியிலிருந்து வந்த கொட்டை, ஞாயிற்றுக்கிழமை முழுசும் போன உழைப்பு. இதை வாரி வழங்க அவருக்கு மனசு வராது. மகள் கேட்டால் பாட்டிலைத் தானே திறந்து, அரைக் கரண்டி எடுத்து, ரொட்டியில் அடுத்த பக்கம் தெரிகிற அளவுக்கு இழுத்துத் தேய்ப்பார். "போதும். காஸ்ட்லி ஐட்டம்." மிச்சத்துக்கு அந்தக் குழந்தை பாட்டியிடம் போகும். பாட்டியின் மருந்து டப்பாவுக்குப் பின்னால் ஒரு பழைய பாட்டில் இருக்கிறது. அதன் பின்பக்கத்தை அந்த இருவரும் படித்ததில்லை.

மகளுக்கு அரைக் கரண்டி அளக்கிறவர் அக்கம்பக்கத்துக்கு மட்டும் ஆளுக்கொரு சின்னப் பாட்டில் தருவார், புகழ் வேண்டுமே. மேலே வெள்ளைச் சீட்டு ஒட்டி, சாய்வான கையெழுத்தில் நாலு வரி: ஹேசல்நட் 50 சதவீதம். பாமாயில் இல்லை. பதப்படுத்தி இல்லை. சர்க்கரை சேர்க்கப்படவில்லை. அன்று மாலையே குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் 'ஃபீட்பேக் ப்ளீஸ்' வந்துவிடும். "டிஃபரண்ட்டா இருக்கு சார்" என்று எழுதுவார் முதல் மாடிக்காரர். "நல்லா ரிச்சா இருக்கு" என்பார் எதிர்வீட்டுக்காரர். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்ததில் கரண்டி இன்னும் உள்ளேயே நிற்கிறது என்பதை எழுத மாட்டார். மூன்றாம் மாடி மாமி மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

மாமிக்கு வேறு முறை இருக்கிறது. ஒரு வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது. பத்து நாள் கழித்துப் பாட்டிலைக் கழுவித் துடைத்து, வாய்வரை மைசூர்பாகை அடுக்கிக் கொடுத்தனுப்பினார். நெய் பாட்டிலின் உட்புறமெல்லாம் படர்ந்திருந்தது. சாமி வாசலிலேயே மூடியைத் திறந்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

"இதுல சர்க்கரை எவ்வளவு தெரியுமா சார்?" என்று கேட்டேன்.

பழக்கதோஷத்தில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பாட்டிலைத் திருப்பினார். கழுவியும் போகாமல் அவருடைய சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது. கடைசி வரியை என்னிடம் காட்டிவிட்டு இரண்டாவதை எடுத்தார்.